உப்பும் கஞ்சியும்

நீரும் தானியமும் நெருப்பும் சேர்ந்தால் கஞ்சி. அதற்குமேல் பானைக்குள் வீழ்வன யாவும் சுவை கருதிச் சேர்க்கப்படுவன. உப்பு, புளி, மோர், கீரை, தேங்காய்ப் பால், பனங்கட்டி, மீன் என்று அவற்றை ஒவ்வொன்றாக நோக்கிக்கொண்டு போவோமாயின், எந்தக் காலத்தில் எந்த வீட்டில் எது இருந்தது, எது இல்லாதிருந்தது என்பது தெரியவரும். அரச வமிசங்களின் வரலாற்றை எழுதுவோர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் கைகொடுக்கின்றன. உழுதவனும் அவன் மனையாளும் எவ்வாறு வாழ்ந்தனர் என்று அறிய விரும்புபவன் அடுப்படிக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

இவ்வுணவுக்குப் பழந்தமிழில் பெயர்கள் பல. கஞ்சி, கூழ், புற்கை, மிதவை என்பன அவற்றுட் சில. இவற்றுள் கூழ் என்னும் சொல்லின் நிலை சிந்திக்கத்தக்கது. இன்று அச்சொல்லைக் கேட்டதும் ஏழையின் உணவே நினைவுக்கு வருகிறது. திருக்குறளிலோ அரசனுக்குரிய உறுப்புகள் ஆறனுள் ஒன்றுக்கு அதுவே பெயர்; அங்கே அது உணவையும் அதற்குக் காரணமான பொருளையும் குறிக்கும் என்பர் உரையாசிரியர். நாடாள்வோனின் செல்வத்துக்கும் குடிமகனின் கலத்திலுள்ள உணவுக்கும் ஒரே சொல் வழங்கிய காலம் ஒன்று இருந்திருக்கிறது. அதே நூலில், தம் குழந்தையின் சிறுகை துழாவிய கூழ் அமிழ்தினும் இனியது என்று ஓரிடத்திலும், தன் முயற்சியால் வந்த தெளிந்த நீர்ப் புற்கையினும் இனிய உணவு இல்லை என்று வேறோரிடத்திலும் வள்ளுவர் சொல்கிறார். இரண்டிடத்தும் கஞ்சிக்குச் சுவை தருவது கஞ்சிக்குப் புறம்பான ஒன்று. பின்னையது 'இரவச்சம்' என்னும் அதிகாரத்தில் வருவது. பிறரிடம் ஏந்திப் பெறும் உணவுக்கு எதிராகவே அந்த நீர்த்த புற்கை நிறுத்தப்படுகிறது. இதனை மனத்திற் கொள்வோம், பின்னர் வேண்டியிருக்கும்.

கஞ்சிக்குச் சுவை சேர்க்கும் முறையைக் கூறும் மிகப் பழைய தமிழ்ச் செய்திகளுள் ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. குற்றிய வரகுச் சோறு, வேளைச் செடியின் வெண்ணிறப் பூ, வெண்தயிர், புளிப்பு. இவற்றைக் கொண்டு ஆயர் மகள் ஒருத்தி ஆக்கிய மிதவையை அவரைக்காய் கொய்யும் தொழிலாளர் வயிறார உண்கின்றனர். எருப்பொடி பரந்த தெருவோரத்தில் தானே முளைத்த செடியின் பூ அது. விலை கொடுத்து வாங்கியதன்று. வரகோ புன்செய்த் தானியம். இவற்றை ஒரு பெண்ணின் கை இனிய உணவாக்கிவிடுகிறது. இதைப் பாடியவன் கோப்பெருஞ்சோழன். ஆட்சி குறித்துத் தன் மக்களோடு நேர்ந்த பகையால் நாட்டைத் துறந்து, உணவை விடுத்து வடக்கிருந்து உயிர்நீத்த அரசன் அவன். பாண்டி நாட்டில் வாழ்ந்த தன் நண்பர் பிசிராந்தையாரின் ஊரைச் சொல்ல வந்தவனுக்கு அவ்வூர் மக்கள் உண்ணும் புளிமிதவை நினைவுக்கு வந்திருக்கிறது. பட்டினி கிடந்து உயிர்விட்ட ஒருவனுடைய பாட்டிலேதான் நமக்கு இந்தச் சமையற் குறிப்பு கிடைக்கிறது என்பதைப் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

மிதவை அன்று விருந்துணவாகவும் இருந்தது. அகநானூற்றுப் பாட்டொன்று காட்டும் திருமணப் பந்தலில் உழுந்து சேர்ந்த மிதவை படைக்கப்படுகிறது. வேறொரு பாட்டில் உழைப்பாளர் உண்ணும் மிதவையில் கொள்ளும் பயறும் பாலும் சேர்கின்றன. எனவே கஞ்சி என்றதும் அதை வறுமையோடு மட்டும் பிணைத்துப் பேசுவது பொருந்தாது. சேர்பொருள்களே வேறுபாட்டைச் செய்தன.

அந்த வேறுபாட்டின் கடைசிப் படியைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது. பாணன் வீட்டு அடுக்களையில் காளான் பூத்திருக்கிறது. குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தாற் கிள்ளி உப்பில்லாமல் அவிக்கிறாள் அவன் மனைவி. அறியாத அயலார் பார்த்துவிடுவரே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு கூடி உண்கின்றனர். பெருஞ்சித்திரனார் தம் வீட்டு நிலையைப் பாடும்போதும் இதே செய்திதான்: குப்பைக் கீரை, உப்பில்லை, மோரில்லை, சோறு என்பதே மறந்துபோயிற்று. பாட்டுக்குப் பாட்டு இப்புலவர்கள் இல்லாமையைச் சொல்ல வந்த இடத்தில், அரிசி இல்லை என்பதற்கு முன்னரே உப்பில்லை என்று சொல்லுவதைக் காண்க. ஆயர் மகளுக்கும் பாணன் மனைவிக்கும் கிடைத்தது அதே வேளைச் செடிதான். ஒருத்திக்குத் தயிர் இருந்தது. மற்றவளுக்கு உப்பும் இல்லை. வறுமைக்கு இதைவிடத் துல்லியமான அளவுகோல் எந்தப் பொருளியல் நூலிலும் இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

கஞ்சி என்னும் சொல் பிறநாடு சென்ற கதையும் இவ்வளவுகோலுக்குள் அடங்குவதே. கோவையில் வாழ்ந்த கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துக்கேய மருத்துவர் 1563 இல் அச்சிட்ட நூலில், வாந்திபேதி கண்டவருக்கு மிளகும் சீரகமும் சேர்த்த கஞ்சித் தண்ணீர் கொடுக்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். (இங்கே கோவை என்றது மேற்குக் கரைத் துறைமுகத்தை, கோயம்புத்தூரை அன்று.) அவர் பதிந்து வைத்த சொல் பின்னர் போர்த்துக்கல்லிலும் பிரேசிலிலும் 'கான்ஜா' என்று நிலைத்து, கோழியும் அரிசியும் சேர்த்துக் காய்ச்சும், நோயாளிக்கு உகந்த, சுவையான ஓர் உணவின் பெயராயிற்று. ஆங்கிலேயரும் அச்சொல்லை எடுத்துக்கொண்டனர். ஆனால் அவர்களுடைய இந்தியப் படைமுகாம்களில் 'கஞ்சி வீடு' என்றால் சிப்பாய்களை அடைத்துவைக்கும் சிறைக்கூடம் என்று பொருள். உள்ளே கிடந்தவனுக்குக் கொடுக்கப்பட்ட உணவினால் வந்த பெயர் அது. ஒரு சொல், ஒரு கடலைக் கடந்து நோயாளியின் படுக்கையருகே சென்றது. இன்னொரு கடலைக் கடந்து வந்தவர் வாயில் சிறைக்குப் பெயராயிற்று.

இனி நம் வீட்டு அடுப்புகளுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் விடியற்காலையில் தோட்டத்துக்கு நீர் இறைக்கச் செல்பவனுக்கு முந்தினநாட் சோறே முதல் உணவாக இருந்தது. இரவு மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்தால் விடிவதற்குள் மெல்லப் புளித்திருக்கும். அதைக் கையாற் பிசைந்து, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டு, உப்பிட்டு, தேங்காய்ப் பாலோ மோரோ விட்டு, தேசிக்காய் பிழிந்தால் பழஞ்சோற்றுக் கஞ்சி. இங்கே புளிப்பு இரண்டு வழியாக வருகிறது: இரவு தந்த புளிப்பு ஒன்று, தேசிக்காய் தரும் புளிப்பு ஒன்று. வெங்காயத்தின் காரம் அவ்விரண்டையும் இணைக்கிறது. விறகு வேண்டியதில்லை, நேரமும் வேண்டியதில்லை. இரண்டுமே அரிதாக இருந்த வீடுகளில் இவ்வுணவு தோன்றியதில் வியப்பில்லை.

இலைக்கஞ்சி வேறு வகை. முல்லை, முசுட்டை, வாதநாராயணி, முடக்கொத்தான், குறிஞ்சா, தவசிமுருங்கை என வேலியிலும் பற்றையிலும் கிடைப்பவற்றை ஆய்ந்து இடித்துச் சாறெடுப்பர். சிவப்புப் பச்சையரிசியை உள்ளியும் மிளகும் சீரகமும் சேர்த்துக் குழைய வேகவிட்டு, தேங்காயின் இரண்டாம் பாலை அதில் விடுவர். முதற்பாலைக் கடைசியிலேயே சேர்ப்பர். முன்னரே விட்டுக் கொதிக்கவிட்டால் அது திரிந்துவிடும். இலைச்சாறும் அப்படியே. நெடுநேரம் கொதித்தால் பச்சை நிறம் கெட்டு மணமும் போய்விடும். இறக்கியபின் தேசிப்புளி. எது முன், எது பின் என்னும் இந்த ஒழுங்கை எந்த ஏட்டிலும் எழுதிவைக்காமல் தாய் மகளுக்குக் கொடுத்து வந்திருக்கிறாள். சிங்கள மக்களின் கொளகந்தவும் இதுவே. அங்கே வல்லாரையும் ஆத்தாவாரியும் சேரும். உறைப்பின்றிக் குடித்து, உடன் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொள்வர். மொழிக்கு மொழி எல்லை கீறுவோர் இவ்விரு பானைகளுக்கிடையே எங்கே கோடு கிழிப்பார்களோ தெரியாது.

முஸ்லிம் மக்களின் நோன்புக் கஞ்சியையும் இவ்விடத்திலே சொல்லவேண்டும். அரிசி, தேங்காய்ப் பால், உள்ளி, இஞ்சி, வெந்தயம், இறம்பை ஆகியவற்றோடு இயன்றவர் இறைச்சியோ எலும்போ சேர்ப்பர். நாள் முழுதும் வெறுமையாய் இருந்த வயிற்றுக்கு வெந்தயமும் இஞ்சியும் இதஞ்செய்யும். பள்ளிவாசலில் பெரிய அண்டாக்களிற் காய்ச்சி, மாலையில் வீடு வீடாகப் பாத்திரங்களில் எடுத்துச் செல்லப்படும். இயன்றவனும் இயலாதவனும் ஒரே அண்டாக் கஞ்சியை ஒரே நேரத்திற் குடிக்கும் வழக்கம் இது.

ஆனால் யாழ்ப்பாணத்தின் பெயர் சொன்னதும் எல்லோர் நாவிலும் ஊறுவது ஒடியற் கூழ். பனங்கிழங்கை அவிக்காமற் கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவில் கைப்பும் காறலும் உண்டு. அப்படியே உண்ண ஒண்ணாது. எனவே மாவை நீரில் ஊறவிட்டு, தெளிந்த மேல்நீரை வடித்து, மீண்டும் நீரூற்றி வடிப்பர். பெரிய பானையில் நீர் கொதிக்கும்போது ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளித் துண்டு ஆகியவை முதலில் விழும். அவை வெந்து வரும்வேளை மீன் தலை, நண்டு, இறால். பின்னர் அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும் உள்ளியும் மிளகும், கரைத்த புளியும். எல்லாம் ஒன்றாகக் கொதித்தபின் ஊறிய ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றித் துழாவ, தண்ணீராய் இருந்தது கூழாகத் தடிக்கும். இறக்குமுன் ஒரு கை முருங்கையிலை. பிளாவைக் கோலிக்கொண்டு சுற்றியிருந்து குடிப்பார்கள்.

இக்கூழின் அமைப்பை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். கைப்புடைய ஒரு மாவை உண்ணத்தக்கதாக்குவதற்கே இத்தனை புளியும் உறைப்பும் மீன்மணமும் வேண்டியிருந்தன. நெல் விளையாத மண், கடலருகு, பனை ஒன்றே குறைவின்றி நிற்கும் நிலம். கரைவலையில் வந்து விலைபோகாத சிறுமீன், கறிக்கு ஆகாத மீன் தலை, ஓட்டில் சதையொட்டாத சிறுநண்டு ஆகியவை பானைக்குள் சென்றன. இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பெரிய இறாலும் கணவாயும் போட்டு, 'எங்கள் தொன்மையான உணவு' என்று பெருமிதத்தோடு பரிமாறுகிறார்கள். பெருமிதம் கொள்வதில் தவறில்லை. ஆனால் தொன்மையைப் பற்றி ஒரு சொல்: செத்தல் மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துக்கேயர் கீழ்த்திசைக்கு வந்த பின்னரே அவை நம் மண்ணை அடைந்தன. சங்கிலியன் காலத்துக் கூழ் மிளகால் உறைத்திருக்கும். அதன் நிறமும் இன்றைய சிவப்பாக இருந்திராது. பழமை என்று நாம் எண்ணுவனவற்றுள் எத்தனை, நம் முன்னோர் புதியதை அஞ்சாமல் ஏற்றுக்கொண்டதன் விளைவு!

ஆடிக்கூழ் இதற்கு நேர்மாறானது. வறுத்த அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப் பால், பனங்கட்டி, பல்லுப் பல்லாய்ச் சீவிய தேங்காய்ச் சொட்டு, ஏலம். சிலர் மிளகும் சீரகமும் தூவுவர். மாவில் ஒரு பகுதியைச் சிறு உருண்டைகளாக்கிப் போடுவாரும் உண்டு. ஆடி முதல் நாளில் இதைக் காய்ச்சிப் பலாவிலையைக் கோலிக் குடிக்கும் மகிழ்ச்சியை நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) சிறுவர்க்காகப் பாடிவைத்தார். கீழ்வகுப்புகளில் அப்பாட்டைக் கற்பிக்கும் வேளை, கூழையே கண்டிராத பிள்ளையும் நாவைச் சப்புக்கொட்டும்.

அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது என்று பாட்டுச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய இடமும் அதுவன்று. நாம் சொல்லுவோம். சுண்ணாம்பு தடவிய முட்டியைப் பாளையிற் கட்டி, காலையும் மாலையும் பனையேறி இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சி, குட்டானில் வார்த்தெடுத்த பனங்கட்டி அது. அதைச் செய்தவர்கள் அக்கூழ் காய்ச்சப்பட்ட வீடுகள் பலவற்றின் முற்றத்தைத் தாண்டி உள்ளே செல்ல இயலாதவராய் இருந்தனர். அவர்கள் கைபட்ட பனங்கட்டி அடுக்களைக்குள் சென்றது. அவர்களுக்குக் கூழும் கஞ்சியும் வெளியே, பிளாவிலும் சிரட்டையிலும் வார்க்கப்பட்டன. வீட்டிலுள்ள கிண்ணமோ செம்போ அவர் கையிற் கொடுக்கப்படவில்லை. தேநீர்க் கடைகளிலும் இதே நியாயம் நடந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்தபின்னும் கடைக்குள் இருந்து பிறர் குடிக்கும் குவளையிற் குடிப்பதற்கு அறுபதுகளின் பிற்பகுதியில் போராட்டம் நடத்த நேர்ந்தது. அதில் உயிர்களும் போயின. கஞ்சிக்குச் சுவை சேர்ப்பதைப் பற்றி எழுதும்போது அதைக் குடித்த கலத்தை விட்டுவிடுவது நேர்மையாகாது.

இதுவரை கண்டது வீட்டுப் பானை. கஞ்சிக்கு வேறொரு கலமும் உண்டு, அது தொட்டி. 1782 ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது சென்னையில் தொடங்கிய கஞ்சித்தொட்டி பின்னர் மணியக்காரர் சத்திரமாயிற்று. அதன் வழிவந்த ஸ்டான்லி மருத்துவமனையைச் சென்னை மக்கள் நெடுங்காலம் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைத்தனர். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற பெரும்பஞ்சத்தில் தொட்டிகள் பெருகின. உதவி வேலைத்தலங்களில் உழைத்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சில காசும் போதும் என்று 1877 இல் சேர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையாளராயிருந்த கோர்னிஷ் என்னும் மருத்துவர் அந்த அளவு உயிர் தரிக்கப் போதாது, பருப்பு முதலியனவும் வேண்டும் என்று வாதாடினார். தானியத்தோடு எது சேரவேண்டும் என்னும் நம் கேள்வி இங்கே அரசாங்கக் கோப்புக்குள் வந்துவிட்டது. வீட்டிலே ஆயர் மகள் வேளைப்பூவைக் கொய்து தீர்த்துக்கொண்ட கேள்வி அது. தொட்டியின் முன் நிற்பவனுக்கு அதைத் தீர்க்கும் உரிமை இல்லை, ஊற்றியதைக் குடிக்கவேண்டும்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் பஞ்சம் பரவ, ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்து நடத்தினார். வடலூரில் இராமலிங்க அடிகள் 1867 இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்தவரைத் தேடி உணவிட்ட இவர்களையும் இறாத்தல் கணக்குப் பார்த்த ஆட்சியையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. ஆயினும் அடிகளைப் போன்ற ஒருவர் வேண்டியிருந்த நிலையை உண்டாக்கியது எது என்னும் கேள்வியும் எழாமற் போகாது.

அப்பஞ்சத்திலிருந்து தப்பியோடிக் கடல் கடந்தவர் பலர் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். அங்கே அரிசி தோட்டத்தாலேயே அளந்து கொடுக்கப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. 1942 இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டதும் அரிசி வரத்து நின்று, நாடு முழுவதும் பங்கீட்டு முறைக்குள் வந்தது. 1953 இல் அரசாங்கம் பங்கீட்டரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தி, பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12 இல் நாடு ஹர்த்தாலில் எழுந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

1973, 1974 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பகுதிகளுள் ஒன்று. உணவிறக்குமதி சுருங்கியது, அரிசியை ஓரிடத்திலிருந்து வேறிடம் கொண்டுசெல்லத் தடையிருந்தது. சிறுதுண்டு நிலமுமில்லாத தோட்டத் தொழிலாளரை அது தாக்கியதுபோல் வேறெவரையும் தாக்கவில்லை. மலையகத்தில் இறப்பு வீதம் ஏறிற்று. அதே ஆண்டுகளில் மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவது கட்டுப்படுத்தப்பட்டதால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் செழித்தனர்; கல்வீடுகள் எழுந்தன. கஞ்சிக்கு உறைப்பூட்டும் பொருளை விளைவித்தவன் கையிற் பணம் புரண்டபோது, கஞ்சிக்கே வழியின்றி லயத்தில் ஒருத்தி மடிந்தாள். இருவரும் தமிழரே. இதை நம்மவர் மேடைகளில் அதிகம் கேட்பதில்லை.

வன்னியில் 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில் கஞ்சி மீண்டும் தொட்டிக்கு வந்தது. போர்முனைக்குள் அகப்பட்டிருந்தோர் 70,000 பேரளவே என்று பெப்ரவரியில் அரசதரப்புக் கணக்குச் சொல்லிற்று. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர் தொகை ஏறத்தாழ 2,90,000. உணவு அனுப்புவதும் அனுப்பாததும் இத்தகைய எண்களைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டன. முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்களில் மக்களுக்குக் கிடைத்தது அரிசியும் நீரும் உப்பும். பால் விடத் தேங்காய் அரிது. இலை பறிக்க வேலி இல்லை. கஞ்சிக்காக வரிசையில் நின்றவர்மேல் எறிகணை வீழ்ந்ததை உயிர்தப்பியோர் பலர் சாட்சி கூறியிருக்கின்றனர்.

அதன் பின்னர் ஆண்டுதோறும் மே மாதத்தில், 18 ஆம் நாளை முன்னிட்டு, வடக்கிலும் கிழக்கிலும் கஞ்சி காய்ச்சி வழங்கும் வழக்கம் உண்டாயிற்று. கோயில் வாசலிலும் சந்தியிலும் பல்கலைக்கழக முன்றிலிலும் பானை ஏறுகிறது. பல இடங்களில் அதைச் சிரட்டையில் ஏந்திக் குடிக்கின்றனர். வேளாளனும் பஞ்சமனும் என்று அங்கே கலம் பிரிப்பதில்லை. 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் நீதிமன்றத் தடையுத்தரவைக் காட்டிக் கஞ்சி வழங்கியோர் கைது செய்யப்பட்டு மறியலில் வைக்கப்பட்டனர். அவர்களுட் பெண்களும் இருந்தனர். படைமுகாம்களில் 'கஞ்சி வீடு' என்ற சொல்லை ஆக்கியவர்கள் கஞ்சி குடிக்கவேண்டியவனைத்தான் அடைத்தார்கள். கஞ்சி கொடுத்தவரை அடைத்ததாக நான் படித்ததில்லை.

இக்கஞ்சியை எப்படிக் காய்ச்சுவது என்பதில் வீடுகளுக்குள்ளே ஒரு விவாதம் நடக்கிறது. வரும் பிள்ளைகளும் முதியோரும் குடிக்கும்படி முதற்பால் விட்டு, வெங்காயமும் சிறிது இஞ்சியும் போட்டால் என்ன என்று சிலர் கேட்கின்றனர். விருந்தாளியின் முன் வெறுங்கஞ்சியை வைப்பது அவர்களுக்குக் கை வரவில்லை. பரம்பரையாக வந்த பழக்கம் அப்படி. அங்கிருந்து வந்தவர்களோ அதற்கு இசைவதில்லை. அரிசி, நீர், உப்பு என்று நிறுத்திவிடுகிறார்கள். சில பானைகளில் உப்புக்கூட மட்டாகவே இருக்கும். அகப்பையைக் கையில் வைத்திருப்பவள் பெரும்பாலும் அக்காலத்தில் வரிசையில் நின்றவளாதலால், அவள் சொன்னபடியே காய்ச்சுகிறார்கள்.